தோற்றவர்களைத் தடை செய்யாத போர்ச்சுகல்

போர்ச்சுகல் புரட்சி என்றாலே துப்பாக்கிக் குழலில் செருகிய சிவப்பு கார்னேஷன் பூக்களின் படத்தைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். 1974 ஏப்ரல் 25, ஒரே நாளில் 48 ஆண்டு சர்வாதிகாரத்தை இளம் ராணுவ அதிகாரிகள் கவிழ்த்துவிட்டார்கள். எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். ஆனால் அந்த நாட்டுக்கு அமைதி கிடைத்தது அந்த ஒரு நாளால் இல்லை, அதற்கு அப்புறம் வந்த இரண்டு ஆண்டுகளில் சிலர் எடுத்த முடிவுகளால்தான் என்று நினைக்கிறேன்.

அந்த இரண்டு ஆண்டுகள் சாதாரணமானவை அல்ல. ஆறு இடைக்கால அரசுகள் வந்து போயின. வங்கிகள் நாட்டுடைமை ஆயின, தெற்கே அலெண்டேஜோவில் கூலி விவசாயிகள் பெரிய பண்ணைகளைக் கைப்பற்றினார்கள், வடக்கே கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகங்களுக்குத் தீ வைத்தார்கள். போதாததற்கு விடுதலை பெற்ற ஆப்பிரிக்கக் காலனிகளான அங்கோலா, மொசாம்பிக்கிலிருந்து அங்கே குடியேறியிருந்த போர்ச்சுகீசியர் சுமார் ஐந்து லட்சம் பேர் கிட்டத்தட்ட வெறுங்கையோடு வந்து இறங்கினார்கள், அதுவும் 90 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில். அவர்களில் பலரை அரசு ஓட்டல்களில் தங்க வைத்தது.

இவ்வளவு குழப்பத்துக்கு நடுவிலும், ஒரு வருடத்துக்குள் தேர்தல் என்று ராணுவத்தினர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள். 1975 ஏப்ரல் 25 அன்று அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது, 90 சதவீதத்துக்கும் மேல் வாக்குப்பதிவு. சோஷலிஸ்டுகள் முதலிடம், கம்யூனிஸ்டுகளுக்கு சுமார் 12 சதவீதம். தெருவில் யார் குரல் பெரிது என்பது வேறு, நாட்டில் யாருக்கு எவ்வளவு ஆதரவு என்பது வேறு என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோனது.

ஆனால் நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்ப்பது அதே வருடம் நவம்பர் 25-ஐத்தான். தீவிர இடதுசாரிப் பிரிவைச் சேர்ந்த பாராசூட் படையினர் விமானத் தளங்களைக் கைப்பற்ற, மிதவாத ராணுவ அதிகாரி ரமால்யோ இயானெஸ் தலைமையிலான படைகள் அவர்களை அடக்கின. கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்ய இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது, அதைக் கேட்டவர்களும் இருந்தார்கள். மறுநாளே, ஜெயித்த தரப்பைச் சேர்ந்த ராணுவ அதிகாரி மேலோ அன்டூனெஸ் தொலைக்காட்சிக்கு வந்து, சோஷலிசத்தைக் கட்டுவதில் கம்யூனிஸ்டுகளின் பங்கு இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார். வென்ற கையோடு அப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தக் கட்சி தலைமறைவாகப் போயிருந்தால் அடுத்த சண்டை துப்பாக்கியோடுதான் நடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

1976-இல் அரசியல் சட்டம் வந்தது, அதற்கு வாக்களித்தவர்களில் கம்யூனிஸ்டுகளும் உண்டு. அரசை மேற்பார்வை செய்த ராணுவத்தின் புரட்சிக் கவுன்சில் 1982 வரை நீடித்தது, அது ரொம்ப நீளம்தான், ஆனாலும் கடைசியில் கலைந்தது.

அலெண்டேஜோ கூலிகளுக்கு இதில் நியாயம் கிடைத்ததா என்றால், இல்லை. கைப்பற்றிய நிலங்கள் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய உடைமையாளர்களுக்கே திரும்பின. அந்த வருத்தத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் அதற்கான சண்டையை அவர்களுடைய கட்சியான கம்யூனிஸ்ட் கட்சி நாடாளுமன்றத்துக்குள்ளேயே போட முடிந்தது.