கேப்பை குக்கீ சுட்ட கதை

ஜூன் 8, 2025, ஞாயிறு

சின்னவனுக்கு வாங்குற ராகி குக்கீ பாக்கெட்ட இன்னிக்குதான் திருப்பி பாத்தேன். என்னென்ன சேத்திருக்குன்னு போடுற பட்டியல்ல எது எடை ஜாஸ்தியோ அதத்தான் முதல்ல போடணும், அங்க முதல்ல இருக்கது மைதா, அடுத்து சீனி, பாமாயில், அப்புறமா போனா போகுதுன்னு ராகி. வந்த கோவத்துல ஓடிஜிய, அதான் கரண்டு ஓவன, தூசி தட்டி எடுத்துட்டேன்.

1 கப் கேப்பை மாவு, முக்கால் கப் பொடிச்ச கருப்பட்டி, அரை கப் உருக்குன நெய், 180 டிகிரி. மைதான்னா ஓரம் செவந்ததும் எடுத்துறலாம், இது உள்ள வைக்கும்போதே பழுப்பு, அதனால ஒண்ணும் தெரியல, கருகுன வாசம் வந்தப்புறம்தான் ஓடுனேன். தப்பிச்ச நாலும் கையில எடுத்தா திருநீறு மாதிரி உதிருது, வாயில வச்சா நறநறன்னு மண்ணு வேற.

ஜூன் 10, செவ்வாய்

ஆச்சிக்கு போன் போட்டேன். "ஏட்டி, மாவ வறுத்தியா?"

இல்ல.

"பின்ன என்னத்த செஞ்ச? பச்ச மாவு தொண்டையில ஒட்டும்லா. வாசம் வார வரைக்கும் வறுக்கணும். கருப்பட்டிய பாகாக்கி வடிகட்டு, மண்ணு போயிரும்."

உதிருறதுக்கு காரணம் எனக்கே தெரியும், கேப்பையில குளூட்டன் கிடையாது, பிடிச்சு வைக்க ஒண்ணும் இல்ல. அரை கப் கோதுமை மாவு சேக்கணும்.

ஜூன் 14, சனி

வறுத்தேன், கோதுமை சேத்தேன், பாகு வடிகட்டி ஊத்துனேன். சூடா இருக்கும்போது அருமையா இருந்துச்சு, பெருமையா டப்பால போட்டு மூடி வச்சேன், சாயங்காலம் தொறந்தா நமுத்து போயி பணியாரம் மாதிரி அமுங்குது!! பாகுல இருந்த தண்ணி அவ்வளவும் உள்ளயே நின்னுட்டு, போதாக்குறைக்கு கருப்பட்டி காத்துல உள்ள ஈரத்தையும் இழுக்கும். சின்னவன் மட்டும் ஆறு தின்னான், அவன் ரசனைய நம்பக்கூடாது.

ஜூன் 18, புதன்

உடன்குடி பக்கம் போன அத்தை நல்ல கருப்பட்டி கொண்டு வந்தாங்க. தண்ணியில கரைச்சு பாத்தேன், அடியில மண்ணே தங்கல. அப்ப பாகு வேண்டாம்னு வெயில்ல காய வச்சு, துருவி, சலிச்சு எடுத்துக்கிட்டேன். இந்த திருநெல்வேலி வெயிலுக்கு நெய் எப்பவும் தண்ணியாதான் நிக்கும், அப்படியே ஊத்துனா குக்கீ தட்டு பூரா பரவிரும், அதனால ஃப்ரிட்ஜ்ல வச்சு வெண்ணெய் பதத்துக்கு வந்தப்புறம் கருப்பட்டியோட சேத்து கை வலிக்க அடிச்சேன். சுக்கு, ஏலம், ஒரு சிட்டிகை உப்பு. 160 டிகிரி, 16 நிமிஷம். வெளிய எடுக்கும்போது மெத்துன்னுதான் இருக்கும், பதறி திரும்ப உள்ள வச்சிராதீங்க, ஆறுனா தானா இறுகிரும்.

அப்பாவுக்கு ஒண்ணுதான் குடுத்தேன். கருப்பட்டிதானேன்னு ரெண்டாவதுக்கு கை நீட்டுனாங்க. கருப்பட்டியும் இனிப்புதான்ப்பா, சுகர் மாத்திரைய வச்சுக்கிட்டு இந்த கதையெல்லாம் பேசாதீங்கன்னுட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஆச்சி வந்தாங்க. ஒண்ண எடுத்து திருப்பி திருப்பி பாத்துட்டு, "கேப்பை உருண்டைய நசுக்கி வச்சிருக்க, இதுக்கு கரண்டு வேறயா" அப்படின்னாங்க. அப்புறம் காபில முக்குனாங்க, பாதி உள்ள விழுந்துட்டு. நான் வேற ஒண்ணு எடுத்துட்டு வாறதுக்குள்ள ஸ்பூன் போட்டு கலக்கி கூழ் மாதிரி குடிச்சு முடிச்சிட்டு, "இன்னும் ரெண்டு போடுட்டி"ன்னு டம்ளர நீட்டுறாங்க.