304 கேம், பிளே ஸ்ரோர், பாங்க் கவுண்டர்: நான் பட்ட பாடு

நான் செய்த 304 சீட்டு கேமில ஓடின விளம்பரத்துக்கான காசு ஒரு வழியா போன கிழமை பாங்குக்கு வந்திட்டுது. தொகையைச் சொன்னா சிரிப்பியள், அதால சொல்லேல்லை. ஆப்பில விளம்பரம் ஓட்டிக் காசு தாற கூகிளின்ர அட்மொப் 100 டொலர் சேராமல் அனுப்பவே அனுப்பாது, அதுக்குக் கொஞ்சம் மேல எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. பகலில ஒரு கொம்பனிக்கு வேலை, இரவில எனக்கெண்டு சின்னச் சின்ன கேமும் டூலும் செய்யிற ஆள் நான். எங்கட பக்கம் இப்பிடிச் செய்யிற பெடியள் பெட்டையள் இப்ப கனபேர், ஆனா எல்லாரும் கோட் எழுதின கதையைத்தான் சொல்லுவினம், அதுக்குப் பிறகு வாற கடதாசி வேலையைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடுறேல்லை. எனக்கு இன்னும் வயிறு எரியுது, ஆறமுதல் எழுதி விடுறன்.

கேம் 304 தான். யாழ்ப்பாணத்தில சீட்டு எண்டா வேற என்ன. ஜக்குக்கு 30 புள்ளி, ஒன்பது 20, ஆஸ் 11, பத்துக்கு 10, ராசா 3, ராணி 2, ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் 304, இதைக் கோட்டில எழுதிறது ஒரு பின்னேர வேலை. கேள்வி கேக்கிற, அதாவது கையைப் பாத்து இவ்வளவு புள்ளி எடுப்பன் எண்டு ஏலம் கூறுற அறிவைக் கொம்பியூட்டருக்குக் குடுக்கிறதுதான் கொஞ்சம் மினக்கெட்டது. கேம் செய்யிற சொப்ட்வெயார் கொடோ 4 இல செய்தன். தமிழில எழுத்து வாற கேம் செய்யிற ஆக்கள் பழைய கொடோ 3 ஐத் தொடவே தொடாதேங்கோ, அதில கொம்பு தன்ர பாட்டில எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும், "கேள்வி" எண்டு எழுதினா பாக்கேலாது. 2023 இல வந்த 4 இல அந்தப் பிரச்சினை இல்லை.

பிளே ஸ்ரோரில ஆப் போடுறதுக்கு வேண்டிய பிளே கொன்சோல் எக்கவுண்டுக்கு 25 டொலர், ஒருக்காக் கட்டினாச் சரி. ப்ரீபெய்ட் காட் எடுக்காது, டெபிட் காட் எண்டா பாங்கில சொல்லி வெளிநாட்டு ஒன்லைன் கட்டணத்தைத் திறந்து விடச் சொல்லோணும். நான் கோல் எடுக்க அங்கால இருந்தவர் "தம்பி எந்த நாட்டுக்குப் போறியள், எப்ப திரும்புவியள்" எண்டு கேட்டார். ஒரு நாட்டுக்கும் போகேல்லை ஐயா, வீட்டில இருந்து காசு கட்டப் போறன் எண்டன். அப்ப ஏன் வெளிநாடு எண்டு சொல்லுறியள் எண்டார். இந்தக் கதை போய்க்கொண்டே இருந்து கடைசியா அவர் ஏதோ ஒரு நாட்டைப் போட்டுத் திறந்து விட்டார். எந்த நாடு எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. பாஸ்போட் காட்டி ஆளை உறுதிப்படுத்தினது சோலி இல்லாமல் முடிஞ்சுது.

பிறகுதான் ரெஸ்ரர், அதாவது ஆப்பைப் போட்டுப் பாத்துச் சொல்லுற ஆக்கள், பிரச்சினை. 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனியாள் எக்கவுண்ட் எண்டா, ஆப்பை எல்லாருக்கும் விட முதல் மூடின ரெஸ்ற் ஒண்டு ஓட்டோணும், 12 பேர் தொடர்ந்து 14 நாள் அதில சேந்து நிக்கோணும். முதல் 20 பேர் எண்டு இருந்தது, பேந்து 12 ஆக்கிச்சினம். 12 பேர் என்ன பெரிய விசயமோ எண்டு நினைப்பியள், எங்கட சொந்தக்காரரை எண்ணினாலே ஒரு பஸ் காணாது. ஆனா கனடாவிலயும் லண்டனிலயும் இருக்கிற சொந்தம் முழுக்க ஐபோன்! ஒருத்தரிட்டயும் அண்ட்ராய்ட் இல்லை, ஒரு மச்சான் மட்டும் பழைய சாம்சுங் ஒண்டு லாச்சிக்குள்ள கிடக்குது எண்டார், அதுவும் சார்ஜ் ஏறேல்லை. கூட வேலை செய்யிற பெடியளைக் கேட்டா ஓம் மச்சான் எண்டுவாங்கள், லிங்க்கை அமத்த மாட்டாங்கள். அப்ப 304 ஐ உண்மையாவே விளையாடுறது ஆர் எண்டு யோசிச்சன். ஊர் சனசமூக நிலையத்தில பின்னேரத்தில கூடுற ஐயாமார்தான்.

அவையளுக்கு ஆர்வம் இருந்தது, அதில ஒரு குறையும் சொல்லேலாது. பிரச்சினை ஜிமெயில். ஒருத்தருக்கும் தன்ர ஜிமெயில் என்னண்டு தெரியாது. போன் வாங்கின கடையில பெடியன் ஒருத்தன் ஏதோ ஒரு பேரில ஒண்டைத் திறந்து குடுத்திருப்பான், பாஸ்வேர்ட் அவனுக்கும் மறந்திருக்கும். ஒரு ஐயாவின்ர போனில வேற ஆரோ ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர பேரில எக்கவுண்ட் கிடக்குது, கேட்டா "அது என்னண்டு தெரியாது தம்பி, வாங்கேக்கையே இருந்தது" எண்டார். அதால உங்களுக்கு நான் சொல்லுறது, ஆக்களிட்ட ஈமெயிலைக் கேட்டு எழுதாதேங்கோ, போனை வாங்கி பிளே ஸ்ரோரைத் திறந்து மேல மூலையில இருக்கிற படத்தை அமத்தினா எந்த ஈமெயில் எண்டு காட்டும், அதைப் பாத்து எழுதுங்கோ. அதோட லிங்க் பிரவுசரில திறக்கும், பிரவுசரில ஒரு ஜிமெயிலும் பிளே ஸ்ரோரில இன்னொண்டும் இருந்தா ஆப் கிடைக்காது எண்டுதான் வரும், ஆக்கள் நீங்கள் பொய் சொல்லுறியள் எண்டு நினைப்பினம். ஆரோ ஒராள் இடையில விலகினாலும் 12 பேர் எண்ட கணக்கு உடையும், அதால மேலதிகமா ஒரு நாலைஞ்சு பேரைச் சேத்து வையுங்கோ. யாழ் கீக் சலஞ்ச் மாதிரி தொழில்நுட்பப் போட்டியளுக்கு வாற பெடியளோட பழக்கம் இருந்தா அவையளைக் கேளுங்கோ, உங்களுக்கும் ஒரு நாள் தேவைப்படும் எண்டு விளங்கி மாறி மாறிச் செய்வினம். பேஸ்புக்கில காசுக்கு ரெஸ்ரர் தாறம் எண்டு கூவி விக்கிறாங்கள், அந்தப் பக்கம் போகாதேங்கோ. 14 நாள் முடிய கூகிள் எப்பிடி ஆக்களைப் பிடிச்சனீங்கள், அவை என்ன சொல்லிச்சினம், நீங்கள் என்ன மாத்தினீங்கள் எண்டு கேள்வி கேக்கும், காசுக்கு வாற ஆக்கள் ஒண்டும் சொல்ல மாட்டினம், நீங்கள் அங்க என்னத்தை எழுதுறது?

எனக்கு எழுத இடம் காணேல்லை. ஐயாமார் விட்ட பேச்சு அப்பிடி. "உன்ர கொம்பியூட்டருக்கு ஜக் இல்லாமல் கேள்வி கேக்கக் கூடாதெண்டு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லையோ?" "துரும்பைக் கவிட்டு வைச்சாப் பிறகு அந்தத் துண்டை ஏன் கையில காட்டுறாய்?" அது உண்மையாவே கோட்டில இருந்த ஒரு பிழை, நான் கனநாளாப் பாத்தும் கண்ணில படேல்லை. ஒராள் கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டு எழுத்துச் சின்னன் எண்டார், பெருசாக்கினன். எல்லாத்தையும் நோட்டில எழுதி வைச்சிருந்து அப்பிடியே படிவத்தில போட்டன், ஒரு கிழமைக்குள்ள சரி எண்டு வந்திட்டுது. காசு குடுத்துப் பிடிச்சாலும் இவ்வளவு நல்ல ரெஸ்ரர்மார் கிடைக்காது எண்டது என்ர முடிவு.

எந்த வயசுக்கு ஏற்றது எண்டு பாக்கிற தரப்படுத்தல் படிவத்தில சூதாட்டம் இருக்கோ எண்டு ஒரு கேள்வி வரும், சீட்டு எண்டதாலயே பயந்து ஓம் எண்டு அமத்தாதேங்கோ, காசோ காசு மாதிரி ஒண்டோ வைச்சு விளையாடினாத்தான் அது. தனியுரிமைக் கொள்கைக்கு ஒரு பக்கம் வேணும், உங்கட ஆப்பில ஆர் விளம்பரம் விக்கலாம் எண்டு சொல்லுற ஆப்-அட்ஸ் ரெக்ஸ்ற் பைலுக்கும் ஒரு வெப்சைற் வேணும், ரெண்டையும் கிற்ஹப் பேஜஸ் எண்ட இலவச வெப்சைற் இடத்தில சும்மா போடலாம், பைல் மட்டும் சைற்றின்ர அடியிலயே கிடக்கோணும், போல்டருக்குள்ள போட்டாத் தேடிப் பிடிக்காது. ஸ்ரோரில உங்கட சட்டப் பேர் முழுக்கக் காட்டும், ஸ்ரைலான ஸ்ருடியோ பேர் வைச்சாலும் கீழ தகப்பன் பேரோட நிக்கும், இப்பவே மனசைத் தேற்றிக்கொள்ளுங்கோ.

இனி கடிதம். அட்மொப்பில 10 டொலர் சேர்ந்த உடன விலாசம் சரியோ எண்டு பாக்க வீட்டுக்கு ஒரு பின் நம்பர் தபாலில அனுப்புவினம், சாதாரணத் தபால், பதிவுத் தபால் இல்லை, பின்தொடர ஏலாது. ரெண்டிலயிருந்து நாலு கிழமைக்குள்ள வரும் எண்டு போட்டிருக்கும். வராட்டி திரும்பக் கேக்கலாம், மூண்டு தரம் மட்டும், அதுவும் சரிவராட்டி அடையாள அட்டையைக் காட்டி முடிக்கலாம். நாலு மாதத்துக்குள்ள பின் போடாட்டி விளம்பரம் நிண்டிடும். எங்கட விலாசம் எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, வீட்டு இலக்கம் ஒண்டு, அதுக்கு முதல் இருந்த பழைய இலக்கம் ஒண்டு, ஒழுங்கைக்கு ரெண்டு பேர், முதலாம் ஒழுங்கை எண்டு ஊருக்குள்ளயே கனக்கக் கிடக்கு. நான் காத்துக் காத்துக் கண் பூத்துப் போனன். கேட்டுக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனா கவுண்டரில இருந்தவர் தலையைத் தூக்காமலே "வந்தா வரும்" எண்டார். வராட்டி? "வராட்டி வரேல்லை." அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டிட்டார்.

கடைசியில பாத்தா, கடிதம் முதலே வந்து அதே இலக்கத்தில பக்கத்து ஒழுங்கையில இருக்கிற வீட்டில கிடந்திருக்கு. அது ஒரு சின்ன வெள்ளைத் துண்டு, கரையைக் கிழிச்சுத் திறக்கிற மாதிரி, ஏதோ விளம்பரம் எண்டு நினைச்சு அந்த வீட்டு அன்ரி கரண்ட் பில்லுகளோட செருகி வைச்சிருக்கிறா. எறியாமல் வைச்சிருந்தாவே, அவவுக்குக் கோடி புண்ணியம். விலாசத்தில ஒழுங்கையின்ர பேரோட பக்கத்தில இருக்கிற கோயிலையும் உங்கட போன் நம்பரையும் ரெண்டாவது வரியில போடுங்கோ, 40000 எண்ட தபால் குறியீட்டை விடாதேங்கோ, எல்லாத்துக்கும் மேல உங்கட ஒழுங்கைக்கு வாற தபால்காரரை மறிச்சு இப்பிடி ஒண்டு வரும் எண்டு சொல்லி வையுங்கோ. சைக்கிளில வாற அந்த மனுசனுக்குத் தெரிஞ்ச அளவு கவுண்டருக்குத் தெரியாது.

பாங்க் கதையைச் சொல்லாமல் விட ஏலாது. என்ர சேமிப்புப் புத்தகம் சின்ன வயசில அம்மா திறந்தது, அதில பேர் இனிசலோட. பாஸ்போட்டில தகப்பன் பேர் முழுசா முன்னுக்கு, என்ர பேர் பின்னுக்கு. அட்மொப் பேமென்ற் ப்ரொபைல் பாஸ்போட்டின்ர படி. வெளிநாட்டில இருந்து வயர் மூலம் வாற காசுக்குப் பேர் பொருந்தோணும், பொருந்தாட்டி திரும்பிப் போனாலும் போகும். அதால முன்கூட்டியே பேரை மாத்துவம் எண்டு பாங்குக்குப் போனன். மிஸ் ஒராள், வலு மரியாதையாத்தான் கதைச்சா, ஆனா ஒவ்வொரு தரமும் ஒரு கடதாசி குறையும். பிறப்புச் சான்றிதழ் எண்டா, குடுத்தன். விதானையாரிட்ட (கிராம சேவகர்) வதிவிடக் கடிதம் எண்டா, எடுத்தன், அதில பிரதேச செயலக சீல் இல்லை எண்டா, அதுக்கும் போனன். பிறகு ரெண்டு பேரும் ஒராள்தான் எண்டு ஜேபியிட்ட (சமாதான நீதவான்) சத்தியக்கடதாசி எண்டா. அதோட கடைசியா ஒரு கேள்வி, "உங்களுக்குக் காசு அனுப்புற கொம்பனியின்ர வேலை ஒப்பந்தம் கொண்டு வாங்கோ தம்பி."

ஒப்பந்தத்துக்கு எங்க போறது? கேமில விளம்பரம் ஓடும், அதுக்கு வாற காசு எண்டு விளங்கப்படுத்தினன். "அப்ப நீங்கள் விளம்பரக் கொம்பனியோ?" எண்டா. போனை எடுத்து கேமைக் காட்டினன், பக்கத்துக் கவுண்டர் அண்ணை எட்டிப் பாத்திட்டு "ஆ, 304!" எண்டு சொல்லித் தானும் ஒரு கை விளையாடினார், ஆனா ஒப்பந்தம் வேணும் எண்ட கதை மட்டும் மாறேல்லை.

பிறகு ஆரோ சொல்லி, வேற ஒரு பாங்கில பாஸ்போட்டைக் குடுத்து அதில இருக்கிற பேரிலயே புதுசா வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒண்டு திறந்தன். ஒரு சீற் படிவம், பிரீலான்ஸ் எண்டு எழுதச் சொல்லிச்சினம், தேத்தண்ணி ஆறமுதல் முடிஞ்சுது! அந்த அலைச்சல் முழுக்க வீண். பழைய புத்தகத்தைத் திருத்துறன் எண்டு ஒருத்தரும் வெளிக்கிடாதேங்கோ. கேம் எழுதத் தொடங்கேக்கையே பாஸ்போட்டில எப்பிடிப் பேர் கிடக்கோ அதே எழுத்து, அதே ஒழுங்கு, எக்கவுண்ட், பேமென்ற் ப்ரொபைல், பாங்க் மூண்டிலயும் ஒண்டா வையுங்கோ. வெளிநாட்டுக் காசு வாறதுக்கு வேண்டிய பாங்கின்ர அடையாளக் குறியீடு, ஸ்விப்ற் கோட்டை, கிளையிலயே எழுதி வாங்குங்கோ. இடையில நிக்கிற பாங்கும் கொஞ்சம் வெட்டும், எனக்கும் வெட்டினது, அதால 100 வந்த உடன எடுக்காமல் கொஞ்சம் சேரவிட்டு எடுத்தா நல்லம், எவ்வளவு சேர்ந்தா அனுப்பிறது எண்டு செற்றிங்கில கூட்டி வைக்கலாம்.

வரி எண்டு பயப்பிடுற ஆக்களுக்கு, 2025 ஏப்ரலில இருந்து வெளிநாட்டுக்குச் செய்யிற சேவை வருமானத்துக்குக் கூடினது 15 வீதம், ஆனா வருசத்துக்கு 18 லட்சம் ரூபா வரை தனியாள் விலக்கு இருக்கு. சம்பளமும் அதுக்குள்ள எண்ணுப்படும், அதைக் கவனியுங்கோ. ரின் நம்பர் எண்ட வரி அடையாள இலக்கத்தை எடுத்து வையுங்கோ, அது ஒன்லைனில கெதியா முடியும்.

இப்ப ரொறன்ரோ மச்சான் கோல் எடுத்து, ஐபோனுக்கு எப்ப வரும், இஞ்ச எல்லாரும் கேக்கினம் எண்டுறார். அப்பிள் பக்கம் வருசா வருசம் 99 டொலர், அதோட மாக்கும் வேணும். கேக்கிற ஆக்களிட்டக் காசைச் சேத்து அனுப்புங்கோ, பேந்து கதைப்பம் எண்டன். அதுக்குப் பிறகு கோல் இல்லை.