ப்ராக் நகரத்து சோகோல்: உடற்பயிற்சியும் ஆட்டமும்

1862 பிப்ரவரி 16 அன்று மிரோஸ்லாவ் டிர்ஷும் இந்திரிஷ் ஃப்யூக்னரும் ப்ராகில் சோகோல் என்ற உடற்பயிற்சிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பயிற்சி முறையும் கலைச்சொற்களும் டிர்ஷ் வகுத்தவை. பயிற்சிக்கூடம் எழும்பக் கைகொடுத்தது ஃப்யூக்னரின் பணம். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ‘சகோதரா’ என்று ஒருமையில் அழைக்கும் வழக்கத்தையும் அவர்தான் கொண்டுவந்தார். வகுப்பு வித்தியாசம் மிகுந்த அந்த ஊரில் அது சாதாரணக் காரியமில்லை.

டிர்ஷ் பயிற்சிகளை நான்காகப் பிரித்தார்: கருவியில்லாதவை, கருவியோடு செய்பவை, கூட்டாகச் செய்பவை, சண்டைப் பயிற்சிகள். 1882-இல் முதல் ‘ஸ்லெட்’ என்னும் பெருங்கூடல் நடந்தது. பெண்கள் ஸ்லெட்டில் இறங்க 1901 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இசைக்கேற்ற கூட்டு அசைவு பாதி நடனமாகவே மாறியது. எனக்கு இதுதான் சோகோலின் உச்சம்.

பிற்காலத்தில் ஸ்லெட்டுகள் நடந்த ப்ராகின் ஸ்ட்ராஹோவ் மைதானம் சுமார் 300 மீட்டர் நீளம். ஆளுக்கொரு இடக்குறி தரையில் இருந்தது. வரிசை கோணாமல் நின்றது அதனால்தான். தாளம்தான் தொல்லை. ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். ஒரு முனையில் வாசித்தால் மறுமுனைக்குப் போய்ச்சேர ஏறத்தாழ 0.9 நொடி. நிமிடத்துக்கு 120 தாள அடி என்ற வேகத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு தாள அடித் தாமதம். காதை மட்டும் நம்பினால் பின்வரிசைக் கைகள் தாமதமாகத்தான் உயரும். மேடையில் நிற்பவரின் கையசைவைப் பார்த்தால் இந்தச் சிக்கல் வராது.

அப்போது ப்ராகை ஆண்ட ஆஸ்திரிய அரசு 1915-இலும் நாஜிகள் 1941-இலும் சங்கத்தைத் தடைசெய்தார்கள். 1948-க்குப் பின் கம்யூனிஸ்டுகள் அதை ஒடுக்கிவிட்டு, அதே மைதானத்தில் 1955 முதல் ‘ஸ்பார்டகியாட்’ என்னும் தங்கள் சொந்தக் கூட்டு உடற்பயிற்சி விழாவை நடத்தினார்கள். சோகோல் மீண்டது 1990-இல்.