பால் பைதானுக்குச் சிக்கனமான கூண்டு: கடலோர வீட்டுக்கான சில குறிப்புகள்

பால் பைதான் (ball python) என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பை வளர்க்க விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது கூண்டின் விலையைத்தான். கூண்டைக் காட்டிலும் அதனுள் வைக்கப்படும் பொருள்களே பாம்பின் நலத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. அவற்றுள் பலவும் இராமநாதபுரம் கடற்கரையில் வாழும் நமக்கு மலிவாகவோ விலையின்றியோ கிடைப்பவை. ஆனால் அதே கரையில் கிடைக்கும் வேறு சில பொருள்கள் கூண்டுக்குள் போகவே கூடாதவை.

சட்டம் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் வயல்வெளியில் திரியும் சாரையையோ வேறு எந்த உள்நாட்டுப் பாம்பையோ பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைதான் வெளிநாட்டு இனம் என்றாலும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) பட்டியலில் உள்ளதால், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் அதைப் பதிவு செய்தாக வேண்டும். ஆவணமின்றி விற்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

இப்பாம்பு தன் தாயகமான மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பகற்பொழுதின் பெரும்பகுதியை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழிக்கிறது. உடலின் எல்லாப் பக்கமும் ஏதோ ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும்படியான இறுக்கமான இருட்டில்தான் அது அச்சமின்றி இருக்கும். ஆகவே கூண்டின் வெப்பமான ஓரத்தில் ஒன்று, குளிர்ந்த ஓரத்தில் ஒன்று என ஒரே அளவுள்ள இரண்டு மறைவிடங்கள் கட்டாயம் தேவை. ஒன்றுதான் இருக்குமென்றால் பாம்பு தனக்கு ஏற்ற வெப்பத்தைத் துறந்து மறைவையே தேர்ந்தெடுக்கும். அதன் பின்னர் செரிமானம் கெடும், உண்ட இரையைக் கக்கவும் கூடும்.

மறைவிடத்துக்கு மண்பானையை விஞ்சிய பொருள் எதையும் நான் கண்டதில்லை. இராமேசுவரம் செல்லும் இருப்புப்பாதையில் இருக்கும் மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர்; நம் வாரச்சந்தைகளிலும் பானைகள் வருகின்றன. தெரிந்த குயவர் இருந்தால், அகன்ற சட்டி ஒன்றைக் கவிழ்த்த நிலையில் அதன் பக்கவாட்டில் வாயில் அமையும்படி, சூளையில் வைப்பதற்கு முன்பே ஈர மண்ணில் வெட்டித் தரும்படி கேளுங்கள். "அண்ணே, விளிம்பை விரலால் வழித்து மொழுமொழுவென்று விட்டுவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுட்ட பானையை வீட்டில் உடைத்து அரம் போட்டுத் தேய்ப்பதைவிட அது பல மடங்கு பாதுகாப்பானது. வாயில் பாம்பின் உடல் பருமனைவிடத் தாராளமாகப் பெரிதாக இருக்க வேண்டும், ஏனெனில் இரை உண்ட பின்னர் அதன் நடுவுடல் நன்றாகப் பருத்திருக்கும்.

பூந்தொட்டிகளைக் கவிழ்த்து வைப்பவர்கள் அவற்றின் அடியிலுள்ள நீர்வடி துளையை மறந்துவிடுகிறார்கள். தலை நுழைந்து உடல் நுழையாத அளவிலான துளை பாம்புக்கு மரணப்பொறி. செதில்கள் பின்னோக்கி அமைந்திருப்பதால் நுழைந்த தலையை அது எளிதில் வெளியே இழுக்க முடியாது. ஆகவே துளையில்லாத பாண்டத்தையே வாங்குங்கள். பானையை, அடியில் பரப்பும் தரைவிரிப்பின் மேல் வைக்காமல் கூண்டின் அடித்தளத்தின் மீதே நேரடியாக அமர்த்த வேண்டும். பாம்பு அடியில் துளைத்துச் செல்லும்போது பானை சரிந்து அதை நசுக்காமல் இருக்க இதுவே வழி.

தரைவிரிப்புக்குப் பழைய செய்தித்தாள் போதுமானது. மலத்தையும் இரத்தம் உறிஞ்சும் சிறு உண்ணிகளையும் உடனே காட்டிக்கொடுப்பது அதன் சிறப்பு. புதிதாக வந்த பாம்புக்கு வேறெதையும் நான் பரிந்துரைப்பதில்லை. இயற்கையான தோற்றம் வேண்டுமென்போர் தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்தலாம். உவர்நீரில் ஊறிய மட்டைகளிலிருந்து வந்த கழிவில் உப்பு மிகுந்திருக்கும் என்பதால், நல்ல நீரில் பலமுறை அலசிப் பிழிந்து, தூசு பறக்காத அளவு ஈரத்துடன் இட வேண்டும். அலசுவதற்கும் குடிநீர்த் தொட்டிக்கும் நம் ஊர்க் கிணற்றின் உவர்நீர் உதவாது. காவிரிக் கூட்டுக் குடிநீரையோ சேமித்த மழைநீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணலை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். உப்பும் சிப்பிச் சில்லுகளும் கலந்த அம்மணல் இரையோடு சேர்ந்து வயிற்றுக்குள் சென்று குடலை அடைக்கக்கூடும்.

ஏறிப் படுப்பதற்குக் கொய்யாக் கிளை மிகவும் ஏற்றது. பூச்சிமருந்து தெளிக்காத மரத்திலிருந்து, வளர்ந்த பாம்பின் எடையைத் தாங்கும் தடிமனில் வெட்டி, கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் நன்கு காயவைத்துத் திருகாணியால் இறுக்கிப் பொருத்த வேண்டும். அரளி, எருக்கு, கள்ளி ஆகியவற்றின் துண்டுகூட உள்ளே போகக் கூடாது. பனைமட்டை அழகான பொருள்தான், ஆனால் இருபுறமும் உள்ள கருக்கு அரிவாள் போல அறுக்கும். அதை முழுவதும் செதுக்கி எடுத்த பிறகே பயன்படுத்தலாம். கரை ஒதுங்கிய மரத்துண்டுகளை நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, காய்ந்த பின் வெண்ணிற உப்பு பூக்காத நிலை வரும்வரை உப்பை எடுக்க வேண்டும்.

பாம்பன், மண்டபம், கீழக்கரை எனக் கரையோரம் எங்கும் கிடக்கும் அறுந்த வலைத் துண்டுகளைக் கொடிபோலத் தொங்கவிடும் ஆசை பலருக்கு வருகிறது. வலைக்கண்ணில் பாம்பு சிக்கினால் முன்னேறித் தப்பிக்கவே முயலும். முயல முயல நைலான் இழை உடலுக்குள் இறங்கும். பழைய படகுப் பலகைகளில் நச்சு வண்ணப்பூச்சும் எண்ணெயும் ஊறியிருக்கும். மீன் பெட்டியிலிருந்து பெயர்த்த தெர்மாகோல் துண்டுகள் உதிர்ந்து இரையோடு ஒட்டும். பவளத் துண்டுகளை எடுப்பது, அவை இறந்து கரை ஒதுங்கியவையாக இருந்தாலும், சட்டத்துக்குப் புறம்பானது. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 2001ஆம் ஆண்டிலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பில் உள்ளன. அவற்றின் கூர்முனைகள் பாம்பின் வயிற்றுச் செதிலையும் கிழிக்கும். எதையும் ஒட்டுவதற்கு ஒட்டுநாடாவைப் பயன்படுத்த வேண்டாம். அதில் ஒட்டிக்கொண்ட பாம்பைப் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து உரிந்துவரும். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

காற்றோட்ட வலைக்குச் சாதாரண இரும்பு வலை வாங்கினால் நம் உப்புக்காற்றில் விரைவில் துருவேறும், பாம்பு மூக்கை உரசும்போது புண்ணாகும். இங்கே மட்டும் சிக்கனம் பார்க்காமல் துருப்பிடிக்காத எஃகு வலையும் பித்தளைத் தாழ்ப்பாளும் வாங்கிவிடுங்கள்.

வெப்பத்தைப் பொறுத்தவரை வெளிநாட்டுக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவது நம் ஊரில் ஆபத்து. பால் பைதானுக்கு வெப்பமான ஓரம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த ஓரம் 25 முதல் 27 டிகிரி இருந்தால் போதும். மே மாதத்தில் நம் அறையே அந்த உச்சத்தைத் தாண்டிவிடும் என்பதால், அப்போது செலவிட வேண்டியது குளிர்ச்சிக்குத்தான்: சன்னலருகே வைக்காமல் வடக்குச் சுவரோரம் தாழ்வாக வைப்பது, கூண்டுக்கு வெளியே நீர் நிறைந்த மண்பானை வைப்பது ஆகியவை உதவும். வெப்பமான ஓரம் 31 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதெல்லாம், குறிப்பாக மார்கழி, தை மாத இரவுகளில், தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் கருவி) இணைத்த வெப்ப விரிப்பு தேவைப்படும். தெர்மோஸ்டாட் இல்லாத விரிப்பும், மின்சாரத்தால் சூடேறும் செயற்கைக் கல்லும், வலையுறை இல்லாமல் உள்ளே தொங்கும் விளக்கும் பாம்பைச் சுட்டுப் புண்ணாக்கக்கூடும். தன் வயிறு வேகிறது என்பதை உணர்ந்து அது விலகிச் செல்லும் என்று எண்ண வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழையில் ஈரப்பதம் கூடும்போது தரைவிரிப்பு நனைந்தே கிடந்தால் வயிற்றுச் செதில்கள் அழுகும். அக்காலத்தில் நார்க்கழிவை எடுத்துவிட்டுச் செய்தித்தாளுக்கு மாறிவிடுகிறேன். தோலுரிக்கும் பருவத்தில் கண்கள் வெளிறியதும் ஒரு பானைக்குள் மட்டும் நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரை வைத்தால் தோல் முழுமையாகக் கழன்றுவரும்.

எறும்புக்குச் சாக்பீஸோ பொடியோ கூண்டருகே கூடாது. பாச்சை உருண்டையும் பினாயிலும் அப்படியே. மேசைக்கால்கள் நான்கையும் நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தி, மேசை சுவரைத் தொடாமல் தள்ளி வைத்தால் எறும்பு ஏறாது. கிண்ணத்து நீரைக் கொசு முட்டையிடுவதற்கு முன் மாற்றிவிட வேண்டும்.