மலாக்காவுக்கு ஒரு வார இறுதி: மாணவர் செலவுக்குள் எல்லை தாண்டிய அனுபவம்

சிங்கப்பூரில் படிக்கும் மாணவர்கள் குறைந்த செலவில் ஒரு வெளிநாட்டு நகரத்தைப் பார்த்துவர விரும்பினால், மலேசியாவின் மலாக்காதான் முதலில் போக வேண்டிய ஊர் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கும் நாங்கள் நால்வர், எல்லோரும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், ஒரு சனிக்கிழமை அதிகாலையில் கிளம்பி ஞாயிறு இரவு விடுதிக்குத் திரும்பினோம். எல்லையை எந்த வழியில், எந்த நேரத்தில் கடக்கிறோம் என்பதைப் பொறுத்தே இந்தப் பயணத்தின் செலவும் களைப்பும் அமைகின்றன. ஆகவே அதைப் பற்றியே இங்கு அதிகமாக எழுதுகிறேன்.

முதலில் ஆவணங்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குள் சென்று 30 நாள் வரை தங்கலாம் என்ற சலுகை நடைமுறைக்கு வந்தது; எங்கள் பயணம் அதன் கீழ்தான் அமைந்தது. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதங்களுக்காவது செல்லுபடியாக வேண்டும். மின்னிலக்க வருகை அட்டையை, சென்று சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளம் அல்ல என்று விலகிவிடுங்கள். திரும்பி வரும்போது தேவைப்படும் என்பதால் மாணவர் அனுமதி விவரத்தைக் கைப்பேசியில் எளிதில் எடுத்துக் காட்டும்படி வைத்திருந்தோம்.

சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்கு நேரடிச் சொகுசுப் பேருந்துகள் இருக்கின்றன. அவற்றின் கட்டணம் வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில். எல்லைக்கு அப்பாலுள்ள மலேசிய நகரான ஜோகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும் பேருந்துக்கோ மலேசிய நாணயமான ரிங்கிட்டில் கொடுத்தால் போதும். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும் நிலையில், இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ ஒரே எண் அச்சிட்ட சீட்டை வாங்கினாலும், லார்க்கினில் வாங்குபவருக்கு அது மூன்றில் ஒரு பங்கு செலவுதான். எனவே எல்லை வரையிலான பயணத்தைத் தனியாகவும் அதற்குப் பிந்தைய பயணத்தைத் தனியாகவும் பிரித்துக்கொண்டோம். லிட்டில் இந்தியாவில் பணம் மாற்றி, நால்வரும் சமமாகப் போட்ட தொகையை ஒரே பணப்பையில் வைத்து, கணக்கில் கறாரான நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். ஒவ்வொரு தேநீருக்கும் யார் கொடுத்தது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய தொல்லை அத்தோடு தீர்ந்தது.

சிங்கப்பூரின் வடக்கிலுள்ள கிராஞ்சியில் 170 ஆம் எண் பேருந்தில் ஏறினோம். இது சாதாரண நகரப் பேருந்து. சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் நின்றதும் பையோடு எல்லோரும் இறங்க வேண்டும்; எதையும் இருக்கையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. நகரும் படிக்கட்டில் மேலே சென்று குடிநுழைவை முடித்து, மறுபக்கம் கீழே இறங்கினால் பேருந்து எண்களுக்கு ஏற்ப வரிசைகள் இருக்கும். நாம் வந்த வண்டி போயிருந்தாலும் கவலையில்லை, அதே எண்ணில் அடுத்து வரும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். இந்த வசதியை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் நேரடிப் பேருந்தில் வருபவர்கள், வரிசையில் பின்தங்கினால் வண்டி தங்களை விட்டுப் போய்விடுமோ என்ற பதற்றத்தோடுதான் நிற்கிறார்கள். இரு நாடுகளையும் இணைக்கும், 1924 இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் வார இறுதியில் பொழுது ஏற ஏற அதைக் கடக்கவே மணிக்கணக்கில் ஆகிவிடும். இருட்டோடு கிளம்பியதால் எங்களுக்கு அந்தச் சிரமம் நேரவில்லை. ஜோகூர் பக்கம் மீண்டும் ஒருமுறை இறங்கி, கைரேகை பதித்து, மீண்டும் 170 இல் ஏறி லார்க்கினை அடைந்தபோது வெயில் இன்னும் உறைக்கவில்லை.

லார்க்கினிலிருந்து மலாக்கா சென்ட்ரல் பேருந்து நிலையம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து பழைய நகருக்கு உள்ளூர்ப் பேருந்து போகிறது. நால்வராக இருந்தால் கிராப் வாடகைக் கார் பிடித்தாலும் தலைக்கு மூன்று ரிங்கிட் அளவில்தான் வரும். நாங்கள் காரிலேயே போனோம். அறை வாடகையோடு, வெளிநாட்டவர் தங்கும் ஒவ்வோர் அறைக்கும் ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. வரி ஆளுக்கு இல்லை, அறைக்குத்தான் என்பதால் நால்வரும் ஒரே அறையில் தங்கியது இதிலும் மிச்சமாயிற்று.

மலாக்காவில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. 1511 இல் நகரைப் பிடித்த போர்ச்சுகீசியர் கட்டிய கோட்டையில் எஞ்சியிருக்கும் ஒற்றை வாயில், அதன் பின்னே குன்றின் மேல் கூரையிழந்து நிற்கும் செயின்ட் பால் தேவாலயம், கீழே டச்சுக்காரர்களின் 1753 ஆம் ஆண்டுச் சிவப்புத் தேவாலயம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. கோவாவில் இன்று வைக்கப்பட்டிருக்கும் புனித சவேரியாரின் உடல், அங்கே கொண்டு செல்லப்படுவதற்கு முன் சில மாதங்கள் இந்தக் குன்றின் மேல்தான் புதைக்கப்பட்டிருந்தது.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது ஆற்றின் மறுகரையிலுள்ள துக்காங் எமாஸ் தெரு. 1781 இல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில், பழமையான கம்போங் கிளிங் பள்ளிவாசல், 17 ஆம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் சீனக் கோயில் மூன்றும் சில நிமிட நடைக்குள் அமைந்திருக்கின்றன. விநாயகர் கோயில் மலாக்கா செட்டிகளுக்கு உரியது. சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். வீட்டில் பேசுவது மலாய், வழிபடுவது சிவனையும் மாரியம்மனையும். அறிவிப்புப் பலகையை வேகமாகப் படித்துவிட்டு நகரும் இடமல்ல இது. தமிழ் வாசகர்கள் மலாக்காவுக்குப் போனால், காஜா பெராங் பகுதியிலுள்ள செட்டிகளின் குடியிருப்புக்கும் கட்டாயம் நேரம் ஒதுக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறுகளில் மட்டுமே கூடும். இரவு உணவை ஒரே கடையில் முடிக்காமல், ஒவ்வொரு கடையிலும் ஒரு தட்டு வாங்கி நால்வரும் பகிர்ந்துகொண்டோம். செண்டோலை மட்டும் ஆளுக்கொரு கிண்ணம் வாங்கினோம்: துருவிய ஐஸின் மேல் தேங்காய்ப் பால், பச்சை நிற மாவு இழைகள், எல்லாவற்றுக்கும் மேல் கெட்டியாக ஊற்றிய குலா மலாக்கா என்னும் தென்னைவெல்லப் பாகு. கலக்காமல் முதல் கரண்டியை அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள். பாகில் இருக்கும் லேசான புகை மணம் தனியாகத் தெரியும்.

ஞாயிறு மாலை கடற்பாலத்தில் பேருந்துகள் ஊர்ந்துதான் செல்லும் என்பதால், திரும்பும் வழிக்கு ஜோகூர் பாரு சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஓடும் தெப்ராவ் ரயிலில் முன்பதிவு செய்திருந்தோம். சிங்கப்பூரில் ஏறினால் 5 வெள்ளி, ஜோகூரில் ஏறினால் 5 ரிங்கிட் என்பதால், ஒருவழி மட்டும் இதில் போவதென்றால் திரும்பும் பயணத்துக்கு வைத்துக்கொள்வதே லாபம். வார இறுதிச் சீட்டுகள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். நாள் முடிவானதும் முதலில் இதைப் பதிவு செய்துவிட்டு, அந்த ரயில் நேரத்துக்கு ஏற்ப மலாக்காவிலிருந்து கிளம்பும் பேருந்தைத் தேர்ந்தெடுங்கள். வழியில் தாமதமானாலும் தாங்கும்படி இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரயில் பாலத்தைக் கடக்க ஐந்து நிமிடம்தான். மலேசியக் குடிநுழைவு ஏறும் முன்பும், சிங்கப்பூர்க் குடிநுழைவு உட்லண்ட்ஸில் இறங்கியதும் முடிந்துவிடும். பேருந்து, அறை, உணவு, ரயில் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 180 ரிங்கிட்டுக்குள், அதாவது 60 வெள்ளிக்குள் ஆயிற்று. பொதுப் பணப்பையில் மீந்த ரிங்கிட்டை மாற்றாமல், அடுத்து பினாங்கு போவதற்கென்று அந்த நண்பரிடமே விட்டுவைத்திருக்கிறோம்.