நான் அடைத்த துளைகள்: பெரிய வேனுடன் 26,000 கிலோமீட்டர்

வேன் வாங்கிய அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். தேதி போட்டு எழுதும் நோட்டுகள் என்னிடம் இரண்டாவது மாதமே தூங்கிவிடும். அதனால் இதில் கி.மீ. காட்டியின் எண்ணை எழுதி, அதன் கீழ் அன்றைய சங்கதியை எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். வண்டி நின்றால் நோட்டுக்கும் ஓய்வு. அதிலிருந்து சில பக்கங்களைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

வண்டி, முன்பு சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த டீசல் வேன். ஆறு மீட்டர் நீளம், உயரக் கூரை, உள்ளே தலை இடிக்காமல் நிமிர்ந்து நிற்கலாம். மொத்த எடை வரம்பு 3,500 கிலோ. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வெறும் தகரக் கூடு. அதைத் தங்கிப் பயணம் செய்யும் வண்டியாக மாற்ற வேண்டும், மாற்றுவது நானும் என் மனைவியும்தான் என்பது திட்டம்.

1,84,300

வாங்கும்போது துருவைத்தான் அதிகம் தேடினேன். என்ஜினை மாற்றிவிடலாம், அரித்துப்போன உடம்பை மாற்ற முடியாது. சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவு, கதவுகளின் கீழ்விளிம்பு, கூரையோரத் தகரங்கள் சேரும் இடம் எல்லாவற்றையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். பெயின்ட் கொப்புளம் போட்ட இடம் இரண்டு, ஓட்டை எதுவும் இல்லை.

டயர்களில் பள்ளக்கோடுகள் ஆழமாகவே இருந்தன. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இதில் 2316, அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன. நான்கையும் மாற்றினேன். என்ஜினுக்குள் பிஸ்டனையும் வால்வையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சீட்டு இல்லை, அதையும் மாற்றினேன். அந்தப் பெல்ட் அறுந்துபோகும் முன் சத்தம் போட்டு எச்சரிக்கும் என்று நம்பக் கூடாது. அறுந்தால் பெரும்பாலான டீசல் என்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும்.

பட்டியலின் கடைசியில் "பிரேக் ஆயில் – அடுத்த முறை" என்று எழுதியிருக்கிறேன். அந்த வரி பின்னால் வரும்.

1,85,100

உள்வேலை. தகரச் சுவரில் வெப்பத்தடுப்புப் பஞ்சு, மேலே பிளைவுட். ஓட்டும்போது கிலுகிலு சத்தம் வரக் கூடாது என்ற வெறியில் பிளைவுட்டைப் பசை போட்டு ஒட்டினேன். முன்கதவுகளின் உள்ளேயும் சத்தம் அடக்கும் நுரைப்பஞ்சை அமுக்கித் திணித்தேன். பின்விளக்கின் பல்பை மாற்றும் சின்ன வாய் ஒன்று உட்புறத்தில் இருந்தது. அலமாரி அதை மறைத்தது. மறைந்தால் என்ன, அழகாக இருக்கிறதே என்று நினைத்த ஞாபகம்.

தகரத்தில் துளை போட்ட இடங்களில் மட்டும் ஒழுங்காக இருந்தேன். வெட்டிய விளிம்பை அரம் போட்டு, துருத்தடுப்பு பிரைமர் இரண்டு பூச்சு, அது காய்ந்தபின் நீர் புகாமல் ஒட்டும் பியூட்டைல் ரப்பர் நாடா, அதற்கு மேல்தான் கூரை மின்விசிறி. விசிறி இன்றுவரை ஒரு சொட்டு விடவில்லை.

1,86,900

முதல் குளிர் இரவு. ஜன்னல், விசிறி, எல்லாவற்றையும் இறுக அடைத்துவிட்டுத் தூங்கினோம். விடியற்காலையில் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்து விழித்தேன். கூரை ஒழுகுகிறது என்று டார்ச் அடித்துத் தேடினால், வெளியே மழையே இல்லை. மூடாமல் விட்ட ஒரு தகர விலா எலும்பு முழுக்க முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. எல்லாம் எங்கள் மூச்சு.

இருவர் தூங்கினால் ஓர் இரவில் அரை லிட்டருக்குக் குறையாமல் ஈரம் காற்றில் சேரும். மாலையில் கதவை மூடிக்கொண்டு கேஸ் அடுப்பில் சமைத்தது இன்னொரு பங்கு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகும். ஈரம் குளிர்ந்த தகரத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு குளிரானாலும் விசிறி மிகக் குறைந்த வேகத்தில் ஓடும், எதிர்ப்பக்க ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்கும். டீசல் ஹீட்டரின் வெப்பம் ஈரம் சேர்க்காது, ஏனென்றால் அதன் புகை குழாய் வழியே வெளியே போய்விடும். அந்தக் குழாயை நம்பி மட்டும் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேர்ந்தால் ஒலிக்கும் எச்சரிப்பான் ஒன்று கட்டிலுக்கு அருகில் இருக்கிறது.

1,88,250

மூன்று நாள் மழையில் ஓட்டினோம். நான்காம் நாள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மனைவி பக்கத்தில் ஒரு சத்தம்.

"கதவுக்குள் யாரோ குடத்தை ஆட்டுவதுபோல் இருக்கிறதே."

"தண்ணீர் பாட்டில் உருளுகிறது."

"பாட்டில் என் மடியில் இருக்கிறது."

கதவைத் திறந்து ஆட்டிப் பார்த்தேன். தளும்பியது. முன்கதவின் கண்ணாடி ஏறி இறங்கும் பிளவு வழியே மழைநீர் உள்ளே போவது குறையே அல்ல, எல்லா வண்டியிலும் போகும். போன நீர் கதவின் அடிவிளிம்பில் இருக்கும் துளைகள் வழியே வடிந்துவிடும். அந்தத் துளைகளைத்தான் என் நுரைப்பஞ்சு அடைத்திருந்தது. ஒரு ஸ்க்ரூடிரைவரை அடியிலிருந்து குத்தினேன். பழுப்பு நிறத் தண்ணீர் பீய்ச்சி அடித்துச் சட்டைக் கைக்குள் ஓடியது. அளந்து பார்க்கவில்லை, ஆனால் என் செருப்பு மிதந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இரண்டு கதவுகளின் உள்பலகையையும் கழற்றி, பஞ்சை அள்ளி எறிந்து, ஒரு நாள் வெயிலில் திறந்து போட்டு, உள்ளே துருத்தடுப்பு மெழுகுக் குழம்பு அடித்தேன். இப்போது மாதம் ஒரு முறை துளைகளில் கம்பி விட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

1,91,700

இந்தப் பக்கம்தான் நோட்டில் அதிகம் கசங்கியது.

குளிர்பெட்டி இரவில் அணைந்துவிடும். காலையில் பேட்டரியில் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் 12.2 வோல்ட். ஈயப் பேட்டரிக்கு அது பாதிச் சார்ஜுக்குக் கொஞ்சம் மேல், மோசமில்லை. ஆனாலும் பேட்டரிதான் தளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிப் புதிதாக இன்னொன்றை வாங்கி இணைத்தேன். மூன்றாம் இரவு மறுபடியும் அணைந்தது. குளிர்பெட்டியில் கோளாறு என்று அடுத்த தீர்ப்பு. வீட்டில் வேறு மின்மூலத்தில் வைத்தால் ஒரு வாரம் நிற்காமல் ஓடியது.

கடைசியில் செய்ததை முதலில் செய்திருக்க வேண்டும்: மீட்டரைப் பேட்டரியில் வைக்காமல் குளிர்பெட்டியின் பிளக்கில் வைத்தேன், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது. பேட்டரி முனையில் 12.2, பிளக்கில் 11.5. கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் இன்னும் கீழே. குளிர்பெட்டியின் பாதுகாப்பு அமைப்பு, பேட்டரி காலியாகிறது என்று நினைத்து நிறுத்திக்கொண்டிருந்தது. பேட்டரி காலியாகவில்லை. வழியில் 0.7 வோல்ட் காணாமல் போனது.

வழி என்பது நான் போட்ட ஒயர். 1.5 சதுர மில்லிமீட்டர். பேட்டரியிலிருந்து பெட்டிக்கு ஆறு மீட்டர். மின்சாரம் போய்த் திரும்பவும் வேண்டுமே, ஆகவே பன்னிரண்டு மீட்டர் செம்பு. அதன் மின்தடை சுமார் 0.14 ஓம். ஐந்து ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் அங்கேயே கரையும். வீட்டில் 230 வோல்ட்டில் 0.7 போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது பெரிய தொகை. வீட்டு ஒயரிங் பழக்கத்தில் ஒயரைத் தேர்ந்தெடுத்தது என் தப்பு.

6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு நான்கில் ஒன்றாகிவிடும். ஆனால் பழைய ஒயர் எங்கே ஓடுகிறது? பசை போட்டு ஒட்டிய பிளைவுட்டுக்குப் பின்னால். உளி வைத்துப் பெயர்த்தேன், பலகை மூன்று துண்டாக வந்தது. புதிய ஒயரைக் குழாய்க்குள் விட்டு, பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்திலேயே ஃபியூஸ் போட்டேன். ஃபியூஸ் காப்பது குளிர்பெட்டியை அல்ல, ஒயரை. எங்காவது தோல் உரிந்து ஒயர் தகரத்தில் பட்டால், பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸுக்குச் சேதியே போகாது; அதற்குள் பஞ்சு பற்றிக்கொள்ளும். புதிய பலகைகள் எல்லாம் ஸ்க்ரூவில் நிற்கின்றன. தலைகள் வெளியே தெரிகின்றன, தெரியட்டும்.

இப்போது பிளக்கில் 12.0. அவசரப்பட்டு வாங்கிய இரண்டாவது பேட்டரி வண்டியில் வெறுமனே ஏறிக்கொண்டு வருகிறது. நல்ல பேட்டரிதான்.

1,94,000

அந்தப் பேட்டரியின் கனம் எடைமேடையில் தெரிந்தது. தண்ணீர், டீசல் நிரப்பி, இருவரும் ஏறிய பின் முன் அச்சு 1,510 கிலோ, பின் அச்சு 1,790, மொத்தம் 3,300. வரம்புக்குள் இருக்கிறோம். ஆனால் வண்டி நிற்கும்போது இடது பக்கம் சாய்வதாக மனைவி பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இடது சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றிப் பார்த்தோம். 1,740. வலப்பக்கத்தைவிட 180 கிலோ அதிகம். 90 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டு பேட்டரிகள், குளிர்பெட்டி எல்லாம் ஒரே சுவரோரம். பேட்டரிகளை வலப்பக்கம் மாற்றினேன், ஒயர் இன்னும் குட்டையானது.

டயர் காற்றும் இந்த எடையைப் பார்த்துத்தான். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் பட்டியில் வெறும் வண்டிக்கு ஓர் அளவு, முழுச் சுமைக்கு ஓர் அளவு இருக்கிறது. நாங்கள் எப்போதும் முழுச் சுமைதான்.

1,97,500

ஓட்டும் விஷயம் சுருக்கமாக. மணிக்கு 95 கி.மீ. வேகத்தில் லிட்டருக்குப் பத்தரை, 115இல் எட்டேகால். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. இந்த வண்டியின் முகம் காற்றைக் கிழிக்காது, முட்டும். பெரிய லாரியைத் தாண்டும்போது முதலில் இழுக்கும், பிறகு தள்ளும். ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்காமல் பிடிக்கப் பழகினேன். விசிறியோடு சேர்த்து உயரம் 2.81 மீட்டர் என்று கண்ணாடிக்கு மேல் மடக்குத் தட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதை ஒட்டும் முன் ஒரு வாகன நிறுத்தத்தின் வாசலில் தொங்கிய கம்பியை முத்தமிட்டது தனிக்கதை. விசிறி மூடி மாற்றினேன்.

2,01,600

மலையிறக்கம், நீளமானது. மூன்றாம் கியரில் விட்டு பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் கருகிய வாசனை. அடுத்த வளைவில் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனது, பஞ்சை மிதித்ததுபோல. இரண்டாம் கியருக்கு இறக்கினேன். என்ஜின் அலறியது, வேகம் அடங்கியது. அகலமான ஓரம் கிடைத்ததும் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால், மிதி குமிழியைத்தான் அமுக்கும், பிரேக்கை அல்ல. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்று என்பது பொதுவான அறிவுரை. நோட்டைப் புரட்டி 1,84,300க்குப் போனேன். "அடுத்த முறை." கீழே இறங்கிய பிறகு மாற்றியபோது குழாயிலிருந்து வந்த ஆயில் காய்ச்சிய வெல்லத்தின் நிறத்தில் இருந்தது, புதியது ஏறத்தாழ தண்ணீர்போலத் தெளிவு. இப்போது இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியர். பிரேக்கை அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுக்க விட்டுவிடுவேன், தடவிக்கொண்டே போவதில்லை.

2,06,400

எழுபதைத் தாண்டினால் ஒரு ரீங்காரம். டயர் என்றுதான் நினைத்தேன். இடப்பக்கம் லேசாகத் திருப்பினால் சத்தம் கூடுகிறது, வலப்பக்கம் திருப்பினால் அடங்குகிறது. இடது திருப்பத்தில் பாரம் வலது சக்கரத்தின் மேல் சாயும். ஆகவே வலது முன்சக்கரப் பேரிங். மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையைச் சுருள்வில்லின் மேல் வைத்தார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். வில்லில் மணல் அரைபடுவதுபோல ஓர் அதிர்வு. இடது பக்கத்தில் அது இல்லை. மாற்றிய பின், எழுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு சக்கர நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் மறுபடியும் சரிபார்த்தேன். ஒரு நட்டு கால் சுற்று போனது.

2,10,300

நேற்று இரவு பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று பின்னால் வந்தவர் ஒளி காட்டிச் சொன்னார். பல்பு கையிலேயே இருக்கிறது. மாற்றும் வாய் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. இன்று காலை அலமாரியைக் காலி செய்து, பின்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டம் போட்டிருக்கிறேன். வட்டம் கொஞ்சம் கோணல் என்கிறாள் மனைவி. ரம்பத்தின் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.