மகளின் பள்ளி அட்டவணையும் என் ஷிப்ட் தாளும்

நானும் என் மனைவியும் பிரிவது என்று 2025 பிப்ரவரியில் முடிவு செய்தோம். அந்த இடத்துக்கு வந்து சேரவே இரண்டு வருடம் ஆனது. காரணம் எங்கள் இருவருக்குள் இருக்கட்டும். அதற்குப் பிறகு எடுக்க வேண்டியிருந்த முடிவுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். மகளுக்கு அப்போது எட்டு வயது. சிங்கப்பூரின் செங்காங்கில் ஒன்பது வருடமாகக் கடன் கட்டிவந்த நாலறை வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) வீடு. எனக்குத் துவாஸில் ஷிப்ட் வேலை.

முதலில் போன வழக்கறிஞர் அலுவலகத்தில் கட்டணம் குறைவு. கட்டண விவரத்தோடு ஒரு மாதிரி ஒப்பந்தத்தையும் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: "தந்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 10 முதல் மாலை 6 வரை பிள்ளையைப் பார்க்கலாம்." நான் என்ன வேலை செய்கிறேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற மனநிலையில் நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்று இரவு தாளைப் படித்துப் பார்த்த அக்காதான், "டேய், உனக்கு எப்படா எல்லாச் சனிக்கிழமையும் லீவு?" என்றார்.

அரசாங்கத்தின் சட்ட உதவி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாமா என்று பார்த்தேன். வருமானம், சேமிப்பு, வழக்கின் தன்மை எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். என் சம்பளத்துக்கு வாய்ப்பில்லை. அப்புறம் புரோ போனோ எஸ்ஜி என்ற சட்ட உதவி அமைப்பு நடத்தும் இலவச ஆலோசனைக்கு முன்பதிவு செய்தேன். சுமார் 20 நிமிடம்தான். ஆலோசனை சொல்வார்கள், வழக்கை எடுத்து நடத்த மாட்டார்கள். போகிறவர்கள் கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். எனக்கு முதல் ஐந்து நிமிடம் தொண்டை அடைத்துக்கொண்டு பேச்சே வரவில்லை. நோட்டில் எழுதி வைத்திருந்ததை அப்படியே அங்கிருந்த வழக்கறிஞரிடம் நீட்டினேன்.

அங்கேதான் தெரிந்துகொண்டேன்: 2024 ஜூலை 1 முதல் இருவரும் ஒப்புக்கொண்டு மணவிலக்குக் கேட்கலாம், ஒருவர் மேல் ஒருவர் குற்றம் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஏன் பிரிகிறோம், சேர்ந்து வாழ என்ன முயற்சி செய்தோம், பிள்ளைக்கும் பணத்துக்கும் என்ன ஏற்பாடு என்பதை நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும். (இது மாதர் சாசனம் என்ற திருமணச் சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு. முஸ்லிம்கள் ஷரியா நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.) இரண்டு பேருக்கும் ஒரே வழக்கறிஞர் போதுமே, காசு மிச்சம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது முடியாது. ஒரு வழக்கறிஞர் ஒரு தரப்புக்குத்தான் பேச முடியும்.

கடைசியில் நான் அமர்த்திக்கொண்டவர் ஒரு தமிழ்ப் பெண் வழக்கறிஞர். முதல் சந்திப்பில் நான் மூச்சு விடாமல் சொன்னது இரண்டே விஷயம்: "மேடம், மகளோட கஸ்டடி எனக்கு வேணும். வீட்டை அவங்களே வச்சுக்கட்டும், எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "அடுத்த தடவை வரும்போது உங்க ஷிப்ட் தாளையும் மகளோட பள்ளி அட்டவணையையும் கொண்டு வாங்க" என்றார்.

கொண்டு போனேன். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்னையே பேனாவால் குறிக்கச் சொன்னார். என் வேலை எட்டு நாள் சுற்று: இரண்டு பகல், இரண்டு இரவு, நான்கு நாள் ஓய்வு. எட்டு வாரத்துக்குக் குறித்தபோது, எட்டுச் சனிக்கிழமைகளில் நான்கு எனக்கு வேலை நாள். அந்த மாதிரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் பாதி நாள் நானே போகாமல் இருந்திருப்பேன். மகள் ஜன்னலோரம் நின்று பார்த்திருப்பாள். பள்ளி நாட்களிலும் அதே கதைதான். அவளைக் காலையில் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப, இரவில் பக்கத்தில் இருக்க, வருடம் முழுக்க என்னால் முடியாது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் பேனாவே வட்டம் போட்டுக் காட்டியது. அன்று பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன்.

கஸ்டடி என்ற சொல்லையே நான் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். அது படிப்பு, மருத்துவம், மதம் மாதிரிப் பெரிய முடிவுகளை எடுக்கும் உரிமை. பெரும்பாலும் அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்தே கொடுப்பார்கள். பிள்ளை யாரோடு வசிக்கும் என்பது கேர் அண்ட் கண்ட்ரோல். மற்றவருக்கு ஆக்சஸ், அதாவது பிள்ளையைப் பார்க்கவும் கூட வைத்திருக்கவும் உள்ள உரிமை. கூட்டுக் கஸ்டடி, கேர் அண்ட் கண்ட்ரோல் மனைவிக்கு, ஆக்சஸ் எனக்கு என்று ஒப்புக்கொண்டேன். அதன் பிறகு எங்கள் முழுக் கவனமும் அந்த ஆக்சஸ் வரிகளில்தான். மாதந்தோறும் 25ஆம் தேதிக்குள் நான் ஷிப்ட் தாளை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு ஓய்வுச் சுற்றிலும் இரண்டு இரவு மகள் என்னோடு. ஜூன், டிசம்பர் விடுமுறையில் பாதிப் பாதி. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பது ஒரு வீட்டில், மத்தியானச் சாப்பாடு இன்னொரு வீட்டில், மறு வருடம் மாற்றி.

ஊருக்குக் கூட்டிப் போவதும் எழுத்தில் இருக்க வேண்டும். என் அம்மா பட்டுக்கோட்டையில் இருக்கிறார். கேர் அண்ட் கண்ட்ரோல் உள்ளவர் ஒரு மாதத்துக்கு உட்பட்டு பிள்ளையை வெளிநாடு கூட்டிப் போகலாம். எனக்கு மனைவியின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். நான்கு வாரம் முன்னதாக டிக்கெட்டும் முகவரியும் கொடுத்தால் அவர் சம்மதம் தருவார் என்று சேர்த்துக்கொண்டோம்.

சரி, வீடு. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றபோது அது பெருந்தன்மை என்று நினைத்தேன். கோபம்தான் அது. வழக்கறிஞர் கேட்டது ஒரே கேள்வி: "மகள் உங்ககிட்ட வர்ற ராத்திரி எங்க படுப்பா?" வாடகை அறையில் மூன்று ஆண்களோடு இருந்துகொண்டு எந்த ஆக்சஸைக் கேட்பது? வீட்டுக்காக நான் மத்திய சேம நிதியிலிருந்து (சம்பளத்தில் பிடித்துச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு) எடுத்தது, அதற்குச் சேர்ந்த 2.5 விழுக்காடு வட்டியோடு 114,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வீட்டை வெளியில் விற்றால் அது என் சேம நிதிக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். நீதிமன்ற உத்தரவுப்படி என் பங்கை மனைவி பெயருக்கு மாற்றும்போது, எவ்வளவு திரும்பும், திரும்புமா என்பதே உத்தரவில் எழுதும் வரியைப் பொறுத்தது. நான் சொன்னபடி எழுதியிருந்தால் 41 வயதில் வீடும் இல்லை, அடுத்த வீட்டுக்கு முன்பணமும் இல்லை.

மனைவி தாதி (நர்ஸ்), என்னைவிடச் சம்பளம் அதிகம், கடனைத் தனியாக ஏற்க முடிந்தது. பேசிப் பேசி, 70,000 வெள்ளியை என் சேம நிதிக்குத் திருப்புவது என்று முடிவானது. பள்ளியும் தோழிகளும் மாறாமல் மகள் அதே வீட்டில் இருப்பாள். கையெழுத்துக்கு முன் அவரையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டச் சொன்னேன், காட்டினார். அதனால்தான் இன்றுவரை அந்தத் தொகையைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை வரவில்லை.

மகளின் செலவுத் தொகையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். மாணவர் பராமரிப்பு நிலையம், டியூஷன், பல் மருத்துவர் என்று மூன்று மாத ரசீதுகளைக் கூட்டி இருவரும் பிரித்துக்கொண்டோம்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 21 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் மனுத் தாக்கல் செய்யுமுன் பெற்றோருக்கான கட்டாய நிகழ்ச்சியை முடிக்க வேண்டும்: இணையத்தில் ஒரு பகுதி, ஆலோசகரோடு ஒரு சந்திப்பு. சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்து. எல்லாம் ஒத்துப்போனதால் நாங்கள் நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருக்கவில்லை. இடைக்காலத் தீர்ப்பு வந்து மூன்று மாதம் கழித்து இறுதித் தீர்ப்பு. அந்த மின்னஞ்சல் வந்தபோது நான் இரவு ஷிப்டில் இருந்தேன்.

இப்போது உட்லண்ட்ஸில் அக்கா வீட்டில் இருக்கிறேன். மகள் வரும் இரவுகளில் அக்காவின் மகளோடு படுத்துக்கொள்கிறாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் என் ஷிப்ட் தாள் ஒட்டியிருக்கிறது. போன வாரம் அவளே பச்சைப் பேனா எடுத்து, தான் வரும் நாட்களைக் குறித்து வைத்துவிட்டுப் போனாள்.